பிடிப்பின் விலை

ஏழு பேர் அமர்ந்து, பெட்டி படுக்கையும் ஏற்றிய டொயோட்டா ஃபார்ச்சூனர் ஏறக்குறைய 2,700 கிலோ எடை இருக்கும். டயர்களில் காற்று 32 பி.எஸ்.ஐ. என்றால், தரையைத் தொடும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் இரண்டேகால் கிலோவைத் தாங்குகிறது. எடையை இந்த அழுத்தத்தால் வகுத்தால் 1,200 சதுர சென்டிமீட்டர் வரும். நான்கு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு அவ்வளவுதான்: அருகருகே வைத்த இரண்டு ஏ4 தாள்களின் பரப்பு. பக்கச்சுவரின் விறைப்பு இந்தக் கணக்கைச் சற்று முன்பின் ஆக்கும். ஆனால் சாரம் மாறாது.

100 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மிதிக்கிறோம். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. வண்டியை நிறுத்துவது அந்த இரண்டு தாள் பரப்பு. வளைவில் திரும்புவதும், மேட்டில் ஏறுவதும், சேற்றிலிருந்து மீள்வதும் அதே பரப்பின் வழியாகத்தான் நடக்க வேண்டும். பெரிய எஸ்.யூ.வி. வாங்கும்போது எஞ்சினின் திறனையும் ஏர்பேக்கின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். வண்டியோடு வந்த டயர்கள் தேய்ந்து மாற்றும் நேரம் வந்ததும், 'இந்த முறை எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன் டயர் போட்டுவிடலாமா?' என்ற கேள்வியைப் பெரும்பாலும் தோற்றத்தை வைத்தே முடித்துவிடுகிறோம். டயரின் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) பெரிதாக, முரட்டுத்தனமாக இருந்தால் பிடிப்பும் அதிகம் இருக்கும் என்று கண் சொல்கிறது. எந்தத் தரையில் என்று கண் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால், ரப்பர் என்ற பொருளின் வியப்பான இயல்பு ஒவ்வொன்றாகத் திறக்கும்.

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது

தார்ச் சாலையை உருப்பெருக்கிப் பார்த்தால் அது கூரான கற்களின் மேடுபள்ளம். எஃகுச் சக்கரம் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் உட்கார்ந்து வழுக்கும். ரப்பரோ ஒவ்வொரு கல்லையும் சுற்றி வழிந்து, பள்ளத்துக்குள் இறங்கி, சாலையின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். இது பாதிக் கதை. மறுபாதி, அது பழைய வடிவத்துக்கு உடனே திரும்புவதில்லை என்பது. கல்லின் முன்பக்கத்தில் ரப்பர் நசுங்கி அழுத்துகிறது. பின்பக்கத்தில் அது விரிந்து வந்து தொடுவதற்குள் கல் நகர்ந்துவிடுகிறது. முன்னால் அழுத்தம் கூடுதல், பின்னால் குறைவு. இந்த வேறுபாடுதான் வழுக்கலை எதிர்க்கும் விசை. மூலக்கூறுகளுக்கு இடையிலான ஒட்டும் விசையும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

இப்படித் தாமதமாக வடிவம் மீளும் குணத்தை இயற்பியலில் தயக்கம் என்பார்கள். நசுக்கச் செலவிட்ட ஆற்றலில் ஒரு பகுதி திரும்பி வராமல் வெப்பமாகிவிடும். இழப்பு இல்லாத ரப்பர் என்று ஒன்று இருந்தால், அது சாலையைப் பிடிக்கவும் செய்யாது. பிடிப்புக்குக் காரணம் இழப்பு.

இதே இழப்பு எரிபொருளையும் தின்கிறது. ஃபார்ச்சூனரில் வரும் 265/65 ஆர் 17 அளவுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்கு 400 முறைக்குச் சற்று மேல் சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் ஒவ்வொரு பகுதியும் தரையில் தட்டையாகி மீண்டும் வளைகிறது. அந்த ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது. பெரிய பட்டனும் தடித்த பக்கச்சுவரும் கொண்ட டயரில் வளைய வேண்டிய ரப்பர் அதிகம். ஆகவே இழப்பும் அதிகம். ஆல் டெரெய்ன் போட்ட வண்டியில் மைலேஜ் குறைவதற்கு மூல காரணம் இதுதான்.

இங்கே வேதியியலாளர்கள் ஒரு நுட்பமான வாசலைக் கண்டுபிடித்தார்கள். சாலைக் கற்கள் ரப்பரை நசுக்குவது விநாடிக்குப் பல ஆயிரம் முறை நடக்கும் வேகமான நிகழ்வு. டயர் சுழன்று வளைவதோ நெடுஞ்சாலை வேகத்தில் விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறைதான். வேகமான அசைவில் ஆற்றலை இழந்து, மெதுவான அசைவில் இழக்காமல் இருக்கும் ரப்பர் கலவை கிடைத்தால் பிடிப்பும் மைலேஜும் ஒன்றாகக் கிடைக்குமே! 1990-களின் தொடக்கத்தில் மிஷ்லின் நிறுவனம் ரப்பரில் கரித்தூளுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்காவைக் கலந்து, சிலேன் என்ற இணைப்புப் பொருளால் அதை ரப்பருடன் பிணைத்து, அந்த வாசலைத் திறந்தது. நனைந்த சாலையில் பிடிப்புக் குறையாமல் உருளும் தடை குறைந்தது.

முரண் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. நனைந்த சாலையில் பிடிப்பு, குறைந்த உருளும் தடை, நீண்ட ஆயுள் ஆகிய மூன்றையும் டயர்ப் பொறியாளர்கள் மாய முக்கோணம் என்று அழைக்கிறார்கள். ஒரு முனையை இழுத்தால் இன்னொரு முனை உள்வாங்கும். ஆல் டெரெய்ன் டயரில் நான்காவதாக ஒரு முனையும் சேர்கிறது. கூர்ங்கற்கள் பட்டனைக் கிழிக்காமல் இருக்க வேண்டும்.

அதற்கு மனிதர்கள் நாடிப்போவது மரத்திலிருந்து வடியும் பாலைத்தான். இயற்கை ரப்பரை இழுக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வரிசையாக ஒழுங்குபட்டு, இழுபடும் இடத்திலேயே படிகமாகி இறுகும். ஒரு கீறல் பரவத் தொடங்கினால் அதன் நுனியில் இந்தப் படிகம் தோன்றி வழியை அடைக்கும். இழுவை தளர்ந்ததும் படிகம் கரைந்து பழைய ரப்பராகிவிடும். செயற்கை ரப்பர்கள் பல துறைகளில் முந்திவிட்ட பிறகும் லாரி டயர்களும் விமான டயர்களும் இயற்கை ரப்பரை விடாததற்கு இது முக்கியக் காரணம். 1876-இல் ஹென்றி விக்காம் அமேசான் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற சுமார் 70,000 விதைகளில் முளைத்த கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தன. ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் அந்த விதைகளின் வழியில் விரிந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் விடியலில் பால் வெட்டுகிறவர்கள் சேகரிப்பதும் அதே மரத்தின் பால்தான்.

தரைக்கு ஒரு தந்திரம்

கடைகளில் எஸ்.யூ.வி. டயர்களை எச்.டி., ஏ.டி., எம்.டி. என்று மூன்றாகப் பிரிப்பார்கள். முதலாவது நெடுஞ்சாலைக்கு, மூன்றாவது சேற்றுக்கு, இடையில் இருப்பது எல்லாத் தரைக்கும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பிக்கப் லாரி ஓட்டுகிறவர்களின் தேவையிலிருந்து வளர்ந்தது இந்த நடு இனம். அவர்கள் வாரநாளில் தார்ச் சாலையிலும் விடுமுறையில் பாலைவனச் சரளையிலும் ஓடுகிறவர்கள். 1976-இல் பி.எஃப். குட்ரிச் கொண்டுவந்த ஆல் டெரெய்ன் ரேடியல் டயர் மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தயத்தில் பெயர் பெற்றது. இன்று இந்திய நிறுவனங்கள் உட்படப் பெரும்பாலான டயர் நிறுவனங்கள் இந்த இனத்தில் டயர் செய்கின்றன.

மூன்றுக்கும் உள்ள வேறுபாடு பட்டன்களுக்கு இடையிலான பள்ளத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலை டயரில் பள்ளம் குறுகலாக, சுமார் 8 மி.மீ. ஆழத்தில் இருக்கும். ஆல் டெரெய்னில் அகலம் கூடி, ஆழம் பெரும்பாலும் 10 முதல் 13 மி.மீ. வரை போகும். சேற்று டயரில் பட்டன்கள் தனித்தனித் தீவுகளாகவே நிற்கும். பள்ளம் கூடினால் தரையைத் தொடும் ரப்பர் குறையும். தொடக்கத்தில் பார்த்த இரண்டு தாள் பரப்புக்குள்தான் இந்தப் பள்ளங்களும் வர வேண்டும்.

காய்ந்த தார்ச் சாலையில் பிடிப்பு, தொடும் ரப்பரிலிருந்து வருகிறது. அங்கே பள்ளம் வீண். மேலும், உயரமான பட்டன் பிரேக் பிடிக்கும்போது சாய்ந்து வளையும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி ஒரு நொடி தயங்கித் திரும்புவதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேற்றில் கணக்கு தலைகீழாகிறது. ஈர மண்ணின் மேற்பரப்பு எதையும் பிடிக்க விடாது. பட்டன் அதைக் கிழித்து உள்ளே இறங்கி, பள்ளத்துக்குள் மண்ணை அடைத்து, அந்த மண் கட்டியைக் கீழ் மண்ணிலிருந்து பிய்க்க முயல வேண்டும். மண் பிய்ந்துபோவதை எதிர்க்கும் வலிமைதான் இங்கே பிடிப்பு. அடுத்த சுழற்சிக்குள் அந்த மண்ணை டயர் உதறிவிட வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மழைக்குப் பின் வண்டி இறக்கியவர்களுக்கு இது தெரியும். கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தன் அடுக்குகளுக்கு இடையே நீரை இழுத்து உப்பும். அந்தப் பசை பள்ளங்களை நிரப்பி, ஒரே சுற்றில் எந்த டயரையும் மொட்டை டயராக்கிவிடும். நல்ல ஏ.டி. டயரும் இங்கே கொஞ்சத் தூரம்தான் தாக்குப்பிடிக்கும். அகலப் பள்ளம் கொண்ட எம்.டி. டயருக்கு மட்டுமே மண்ணை உதற வாய்ப்பு உண்டு. அதுவும் சக்கரம் வேகமாகச் சுழன்றால்தான்.

மணலில் கணக்கு மீண்டும் மாறுகிறது. திருச்செந்தூர் பக்கத்துத் தேரியின் செம்மணலில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. முரட்டுப் பட்டன் அங்கே மண்வெட்டியின் வேலையைச் செய்து, சக்கரத்தைப் புதைக்கும். மணலுக்கு வேண்டியது மிதப்பு. அதை டயர் மாற்றாமலே பெறலாம். காற்றைப் பாதியாகக் குறைத்தால், அதே எடையைத் தாங்கத் தொடுபரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். டயர் அகலத்தில் அதிகம் விரியாமல் நீளவாக்கில் நீண்டு படியும். பொறியாளரும் இராணுவ அதிகாரியுமான ரால்ஃப் பாக்னால்ட் 1920-களின் பிற்பகுதியிலும் 1930-களிலும் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தை ஊடறுத்தபோது, காற்றைக் குறைத்து ஓட்டுவதையும், புதைந்த சக்கரத்துக்கு அடியில் எஃகுத் தகடு இடுவதையும் நடைமுறையாக்கினார். அந்தப் பயணங்களில் பிறந்த கேள்விகளை ஆராய்ந்து 1941-இல் அவர் எழுதிய மணல் இயற்பியல் நூலை மணற்குன்று ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். மணல் கடந்ததும் மீண்டும் காற்று நிரப்பியாக வேண்டும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். காரணம் கீழே வருகிறது.

மழை: இரண்டு வேறு கேள்விகள்

ஆல் டெரெய்ன் டயர் மழையில் நல்லதா என்று கேட்டால் ஒருவர் ஆம் என்பார், இன்னொருவர் இல்லை என்பார். இருவரும் சரிதான். இருவரும் இரண்டு வேறு மழைகளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சாலையில் நீர் தேங்கி நிற்கும்போது, டயர் அதை முன்னாலும் பக்கவாட்டிலும் தள்ளிவிட்டுத்தான் தார் மீது கால்பதிக்க முடியும். வேகம் கூடக்கூட நீரின் எதிர் அழுத்தம் கூடுகிறது. அது டயரின் காற்றழுத்தத்துக்குச் சமமாகும்போது டயர் நீரின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். 1960-களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் குழுவினர் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து இதற்கு ஒரு எளிய வாய்ப்பாடு தந்தார்கள். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே மிதக்கும் வேகம் அமைகிறது. 32 பி.எஸ்.ஐ. காற்றுக்கு அது மணிக்கு சுமார் 94 கி.மீ. பட்டன் தேய்ந்த டயருக்கும், பள்ளத்தின் ஆழத்தை நீரின் ஆழம் மிஞ்சும் இடத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆழமான, அகலமான பள்ளம் கொண்ட ஏ.டி. டயர் நீரை விரைவாக வெளியேற்றும். ஆகவே தேங்கிய நீரில் அது நெடுஞ்சாலை டயருக்குச் சளைக்காது. சில வேளை மிஞ்சும்.

ஆனால் பெரும்பாலான மழை நேர ஓட்டம், நீர் தேங்காமல் வெறுமனே நனைந்த சாலையில்தான் நடக்கிறது. அங்கே மிஞ்சியிருப்பது மெல்லிய நீர்ப்படலம். அதை உடைப்பவை பட்டன்களில் கத்தியால் கீறியதுபோல் இருக்கும் மெல்லிய வெட்டுகள். ஜான் சைப் என்ற அமெரிக்கர் 1923-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெட்டுகளின் ஓரங்கள் படலத்தைத் துடைத்து ரப்பரைத் தாருடன் சேர்க்கின்றன. அதன் பிறகு எல்லாம் ரப்பர்க் கலவையின் கையில். கற்களுக்குக் கிழியாமல் இருப்பதற்காக இறுக்கமாக்கப்பட்ட ஏ.டி. கலவை, நனைந்த தாரில் சிலிக்கா நிறைந்த நெடுஞ்சாலைக் கலவை அளவுக்கு வளைந்து கொடுப்பதில்லை. பட்டனில் வெட்டுகளை நிறைய வைத்தால் சரளையில் பட்டன் துண்டு துண்டாகப் பெயரும். எனவே நனைந்த சாலையில் பிரேக் பிடிக்கும்போது, ஒரே தரமுள்ள இரண்டு டயர்களில் நெடுஞ்சாலை டயர் பொதுவாக முன்னதாக நிற்கும்.

மலைக்குப் போகிறோம் என்பதற்காகவே ஏ.டி. வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார் போட்டவை. வால்பாறை, ஏற்காடு, உதகை வழிகளும் அப்படித்தான். தூறலில் நனைந்த வளைவில் எதிரே பேருந்து வரும்போது தேவைப்படுவது நனைந்த தாரின் பிடிப்பு. மலையின் உயரத்துக்கும் பட்டனின் உயரத்துக்கும் தொடர்பு இல்லை. தார் முடிந்து எஸ்டேட்டின் கல் பாவிய தடம் தொடங்கும் இடத்தில்தான் ஏ.டி. டயரின் வேலை தொடங்குகிறது. அங்கே அதன் தடித்த பக்கச்சுவரும் கிழியாத பட்டனும் விலைமதிப்பற்றவை.

பக்கச்சுவரில் இருக்கும் உண்மை

பட்டன் கண்ணைப் பறிக்கும். உயிரைக் காக்கும் தகவல் பக்கச்சுவரில் இருக்கிறது. 265/65 ஆர் 17 112 எஸ் என்று அச்சிட்டிருந்தால், டயரின் அகலம் 265 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம்; ஆர் என்பது ரேடியல் கட்டுமானம்; ரிம் 17 அங்குலம். 112 என்பது சுமைக் குறியீடு: அந்த ஒரு டயர் தாங்கக்கூடிய உச்சச் சுமை 1,120 கிலோ. 110 என்றால் 1,060, 116 என்றால் 1,250. எஸ் என்பது மணிக்கு 180 கி.மீ. வேக வரம்பு.

ஒரு டயருக்குச் சராசரி 675 கிலோதானே வருகிறது, பிறகு ஏன் 1,120 என்று தோன்றலாம். அவசர பிரேக்கில் எடை முன் சக்கரங்களுக்குச் சாய்கிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்கிறது. பள்ளத்தில் விழும்போது பல மடங்கு அதிர்ச்சி வருகிறது. அத்துடன், அந்த உச்சச் சுமை குறிப்பிட்ட காற்றழுத்தத்தில் மட்டுமே செல்லும். சுமையைத் தாங்குவது ரப்பரைவிட உள்ளே இருக்கும் காற்று. காற்று குறைந்தால் தாங்கும் அளவும் குறையும். டயர் மாற்றும்போது சுமைக் குறியீடு வண்டியோடு வந்ததைவிட ஒரு எண்கூடக் குறையக் கூடாது.

சுமைக்கும் காற்றுக்கும் உள்ள இந்தத் தொடர்பை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பெரிய பாடத்தைத் தந்தது. 2000 ஆகஸ்ட்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் வைல்டர்னஸ் ஏ.டி. என்ற ஆல் டெரெய்ன் டயரும் உண்டு. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்.யூ.வி.களில் ஓடியவை. நெடுஞ்சாலை வேகத்தில் டயரின் பட்டன் பகுதி எஃகுப் பட்டையிலிருந்து உரிந்து, வண்டி கவிழ்ந்தது. 270-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. எஃகுப் பட்டைகளின் ஓரத்தில் இருந்த ரப்பர் அமைப்பில் குறை இருப்பதை அந்த நிர்வாகம் பின்னர் கண்டது. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்று 26 பி.எஸ்.ஐ. மட்டுமே என்பதும் பெரும் விவாதமாயிற்று. விபத்துகள் வெப்பமான தென் மாநிலங்களில் செறிந்திருந்தன.

வெப்பமும் சுமையும் குறைந்த காற்றும் ஒன்றையொன்று வளர்க்கும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் வளையும். அதிகம் வளைந்தால் அதிகம் சூடேறும். சூடு பட்டைகளைப் பிணைக்கும் ரப்பரைத் தளர்த்தும். சித்திரை வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும் நம் தார்ச் சாலைகளில், மணலுக்காகக் குறைத்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஏறுவது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்து உணரலாம். ஃபயர்ஸ்டோன் துயரத்தின் விளைவாக வந்த சட்டம்தான், 2007 முதல் அமெரிக்காவின் எல்லாப் புதிய கார்களிலும் டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியைக் கட்டாயமாக்கியது.

ஏ.டி. டயர்கள் பலவற்றின் அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருக்கும். இலகு லாரிக்கான கட்டுமானம் என்று பொருள். உள்ளடுக்குகள் கூடுதல், பக்கச்சுவர் தடிமன், கூர்ங்கல்லைத் தாங்கும் வலிமை எல்லாம் உண்டு. கைமாறாக ஒரு டயருக்கு ஐந்தாறு கிலோ எடை கூடலாம். சாலையின் சிறு அதிர்வுகள் உள்ளே தெரியும். முக்கியமாக, அதே சுமையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய அழுத்த அட்டவணை அதற்குப் பொருந்தாது. டயர் நிறுவனத்தின் சுமை-அழுத்த அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பின்பற்ற வேண்டும். பக்கச்சுவரில் உள்ள உச்ச அழுத்த எண் வரம்பைச் சொல்கிறது. நிரப்ப வேண்டிய அளவை அது சொல்வதில்லை.

ஒரு அளவு பெரிதாகப் போடும் ஆசையையும் எண்களிலேயே அளந்துவிடலாம். 265/65-க்குப் பதில் 265/70 போட்டால் டயரின் விட்டம் 776 மி.மீ.-இலிருந்து 803-ஆகக் கூடும். தரையிலிருந்து வண்டி உயர்வது அதில் பாதி, 13 மி.மீ. மட்டுமே. ஆனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கணக்குப்படி வேகம் மூன்று கி.மீ.க்கு மேல் கூடுதலாக இருக்கும். கியர் விகிதம் நீளும். பிரேக் நிறுத்த வேண்டிய சுழல் எடையும் கூடும். பெரும்பாலோருக்கு இந்த 13 மி.மீ. அந்த விலைக்குத் தகாது.

நால்சக்கர இயக்கம் உள்ள வண்டியில் இன்னொரு கட்டாயமும் உண்டு. முன், பின் அச்சுகள் ஒன்றாகப் பூட்டப்படும்போது இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். தேய்ந்த டயரும் புதிய டயரும் கலந்தால் விட்டம் வேறுபடும். அந்த வேறுபாட்டின் முறுக்கத்தை, இரண்டு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் சுமக்க நேரும். நான்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. காட்டுத் தடத்தில் போகிறவர்கள் ஸ்டெப்னியையும் அதே அளவில், அதே வகையில் வைத்துக்கொள்ள வேண்டும். செலவு கருதி இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போக வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும். அதைத் திருத்துவது முன்சக்கர வழுக்கலைத் திருத்துவதைவிடப் பன்மடங்கு கடினம்.

ஆயுள்

பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் மூப்படையும். காற்றில் உள்ள ஓசோன் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். இதைத் தடுக்க 6 பி.பி.டி. என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது மெல்ல மேற்பரப்புக்கு ஊறிவந்து, ரப்பருக்கு முன்பாகத் தானே ஓசோனுடன் வினைபுரிந்து தீர்ந்துபோகும். அது தீரத்தீர வெடிப்பு விழும். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் ஒரு டயரை ஓட்ட வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் பலர் சொல்வது இதனால்தான். ஆண்டுக்குச் சில ஆயிரம் கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்கு 80,000 கி.மீ. தாங்கும் டயர் வாங்குவது பயன்படாத ஆயுளுக்குப் பணம் கொடுப்பதாகும்.

6 பி.பி.டி. என்ற இந்தக் காவலனுக்கும் ஒரு விலை இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் கூட்டமாகச் செத்தன. பல ஆண்டு தேடலுக்குப் பிறகு 2020-இல் ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். டயர்த் துகளிலிருந்து வந்த 6 பி.பி.டி. ஓசோனுடன் சேர்ந்து உருவாக்கும் குயினோன் என்ற சேர்மமே அது. தேய்ந்த டயரின் ரப்பர் எங்கும் மறைந்துபோவதில்லை. அது சாலையோரத்திலும் ஓடையிலும் சேர்கிறது. வீல் அலைன்மென்ட் பார்ப்பதும், காற்றைச் சரியாக வைப்பதும், தேவைக்கு மேல் கனத்த டயரைத் தவிர்ப்பதும் பர்ஸுக்கு மட்டும் நல்லதல்ல.

எதைத் தேர்வது

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு ஆண்டின் ஓட்டத்தைத் தரைவாரியாக எழுதிப் பார்ப்பது நல்லது. தாரில் எவ்வளவு, சரளையிலும் செம்மண்ணிலும் எவ்வளவு, சேற்றிலும் கல்லிலும் எவ்வளவு? நூற்றுக்குத் தொண்ணூறு தாரில், மிச்சம் கிராமத்து மண் சாலையில் என்றால், நல்ல நெடுஞ்சாலை டயரே போதும். மழைக்காலத்தில் 1.6 மி.மீ. என்ற சட்ட வரம்பு வரும்வரை காத்திராமல், 3 மி.மீ. வந்ததும் மாற்றினால் அந்தப் பணம் நேராகப் பாதுகாப்பாக மாறும். தோட்டத்துக்கும் குவாரிக்கும் எஸ்டேட்டுக்கும் வாரம் தவறாமல் போகிறவர்களுக்கு, வண்டியோடு வந்த அதே அளவில், அதே சுமைக் குறியீட்டுக்குக் குறையாத, வெட்டுகள் ஓரளவு உள்ள மிதமான ஏ.டி. டயர் பொருந்தும். கூர்ங்கல் தடங்களிலேயே தொழில் செய்கிறவர்களும், உதவி கிடைக்காத இடங்களுக்கு நெடும்பயணம் போகிறவர்களும் எல்.டி. கட்டுமானத்துக்கான எடையையும் இரைச்சலையும் மனமுவந்து ஏற்கலாம். பனிப் பாதையில் ஓட்டப்போகிறவர்கள் பக்கச்சுவரில் மூன்று மலைச்சிகரங்களுக்குள் பனிப்பூ பொறித்த முத்திரையைத் தேட வேண்டும். அது பனியில் சோதித்துப் பெறும் முத்திரை. எம் கூட்டல் எஸ் என்ற எழுத்து பட்டனின் அமைப்பைப் பற்றிய அறிவிப்பு மட்டுமே.

எந்தத் தரையிலும் வெல்லும் டயர் என்று ஒன்று இல்லை. ரப்பரின் குணமே அதற்கு இடம் தருவதில்லை. பிடிப்பதும் இழப்பதும் அதற்கு ஒரே செயல். கல்லைத் தாங்கக் கொடுத்த இறுக்கம் மழையில் குறையாக வரும். சேற்றுக்குக் கொடுத்த பள்ளம் தாரில் குறையாக வரும். நம் வண்டி உண்மையில் எங்கே ஓடுகிறதோ அந்தத் தரைக்கு அதிகப் பிடிப்பையும், எப்போதோ ஒருமுறை தொடும் தரைக்கு மிச்சத்தையும் ஒதுக்குவதுதான் டயர் தேர்வு. அந்த ஒதுக்கீடு சரியாக இருந்தால் அதன் பயன் வண்டிக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, நனைந்த சாலையைக் குறுக்கே கடக்கிற யாரோ ஒருவருக்கும் சேரும். அவர் நம்மை அறியமாட்டார். நாம் வாங்கிய டயர் அவருக்காகவும் நிற்க வேண்டும்.